வெப்பத்தின் வரலாறு – 9: முதல் விதிக்கு முந்திப் பிறந்த இரண்டாம் விதி

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியல் பாடம் பூஜ்ஜிய விதியில் தொடங்கும். பிறகு முதல் விதி. அதில் நாலு கணக்குப் போட்டுக் கை பழகியதும் இரண்டாம் விதி வரும். அதன் பின்னாலேயே கார்னோ சுழற்சியும் வரும். வரிசை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றில் எல்லாம் தலைகீழாக நடந்தது. இரண்டாம் விதியின் சாரம் 1824-இலேயே பாரிஸில் அச்சாகிவிட்டது. முதல் விதி நிலைபெற 1840களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூஜ்ஜிய விதி என்ற பெயரோ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 1824-இல் இரண்டாம் விதியை எட்டிப் பிடித்தவர், முதல் விதிக்கு நேர் எதிரான ஒரு கொள்கையை நம்பித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார். நம்பியது தவறு, வந்து சேர்ந்த முடிவு சரி. தவறை மட்டும் கிள்ளியெறிந்துவிட்டு முடிவைக் காப்பாற்ற ஐரோப்பாவுக்கு 26 ஆண்டுகள் பிடித்தன. அந்த வேலையில் இறங்கிய முக்கியமான இருவரும் மூல நூலைக் கண்ணால் பார்க்காமலேயே தொடங்கினார்கள் என்பது இந்தக் கதையின் உபரி வேடிக்கை.

சென்ற இதழில் கார்ன்வால் சுரங்கங்களில் நின்றோம். தாமிரமும் வெள்ளீயமும் தோண்டும் அந்தச் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்கும் நீராவி இயந்திரங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு நிலக்கரி தின்று எவ்வளவு தண்ணீர் தூக்கியது என்ற கணக்கை, 1811 முதல் லீன் குடும்பத்தார் மாதாமாதம் அச்சிட்டு வெளியிட்டதைப் பார்த்தோம். அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. உயர் அழுத்த நீராவி வந்தது. இரண்டு சிலிண்டர் வைத்த வுல்ஃப் இயந்திரம் வந்தது. ஒவ்வொரு முன்னேற்றமும் பட்டறையில், கைப்பழக்கத்தில், தொட்டுப் பார்த்துத் திருத்தியதில் வந்தது. இந்த ஏற்றத்துக்கு எங்காவது ஒரு முடிவு உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர் பிரெஞ்சு ராணுவத்தின் பொறியாளர் படையில் இருந்த ஓர் இளைஞர்.

சாதி கார்னோ 1796 ஜூன் 1-ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். பெர்சியக் கவி சாதியின் மீது அவருடைய அப்பாவுக்கு இருந்த பிரியத்தால் வந்த பெயர் அது. அப்பா லசார் கார்னோ சாதாரண ஆள் அல்ல. பிரெஞ்சுப் புரட்சியின் படைகளைத் திரட்டி அமைத்தவர். நெப்போலியனிடம் அமைச்சராக இருந்தவர். அதோடு கணிதத்திலும் இயந்திரவியலிலும் நூல்கள் எழுதியவர். நெப்போலியன் 1815-இல் வீழ்ந்ததும் லசார் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு ஜெர்மனியில் மாக்டபர்க் நகரில் குடியேறினார். கார்னோ என்ற பெயர் மகனின் பதவி உயர்வுக்கும் முட்டுக்கட்டை ஆனது. 16 வயதில் எக்கோல் பாலிடெக்னிக்கில் சேர்ந்து, மெட்ஸ் நகரில் ராணுவப் பொறியியல் படித்த சாதி, பாதிச் சம்பளத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸில் உட்கார்ந்துவிட்டார். தொழிற்சாலைகளைச் சுற்றினார், பொருளாதாரம் படித்தார், வயலின் வாசித்தார். 1821-இல் மாக்டபர்க் போய் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். நீராவி இயந்திரம் பற்றிய சிந்தனை அதன் பிறகுதான் வேகம் பிடித்தது என்கிறார்கள். அப்பா 1823-இல் அங்கேயே இறந்தார். மறு ஆண்டு மகனின் ஒரே நூல் வெளிவந்தது: நெருப்பின் இயக்கும் ஆற்றலைப் பற்றிய சிந்தனைகள். 118 பக்கம், 600 பிரதி, விலை 3 பிராங்க், அச்சுக்கூலி ஆசிரியர் கையிலிருந்து.

நூலில் கார்னோ கேட்ட கேள்விகள் இரண்டு. வெப்பத்திலிருந்து எடுக்கக்கூடிய வேலைக்கு ஓர் உச்சவரம்பு உண்டா? நீராவியை விட்டுவிட்டு ஆல்கஹால் ஆவியையோ காற்றையோ பயன்படுத்தினால் அந்த வரம்பு கூடுமா? இரண்டாவது கேள்வி அன்றைய பட்டறைகளில் பணம் புழங்கிய கேள்வி. புதுப்புதுத் திரவங்களைக் கொதிக்கவைத்து இயந்திரம் ஓட்டக் காப்புரிமை வாங்கியவர்கள் பலர்.

அவருடைய பதிலுக்கு வேர் அப்பாவின் நூலில் இருக்கிறது. லசார் கார்னோ 1783-இல் இயந்திரங்களைப் பற்றி எழுதியபோது நீர்ச்சக்கரத்தை எடுத்துக்கொண்டார். தண்ணீர் சக்கரத்தின் துடுப்பில் மோதித் தெறித்தால் வேலை வீணாகும். மோதாமல் வந்து அமர வேண்டும். வெளியேறும்போது வேகமில்லாமல் வழிந்து போக வேண்டும். அப்படி அமைந்தால்தான் அந்தச் சக்கரம் தர வேண்டியதை முழுதும் தரும். மகன் செய்தது இதையே வெப்பத்துக்குப் பொருத்தியதுதான். நீராவி இயந்திரத்தில் வெப்பம் சூடான கொதிகலனிலிருந்து குளிர்ந்த கண்டென்சருக்கு இறங்குகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழும் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றுவதுபோல, இறங்கும் வெப்பம் பிஸ்டனைத் தள்ளுகிறது. உயரவேறுபாடு இல்லாமல் நீர்ச்சக்கரம் சுற்றாது. வெப்பநிலை வேறுபாடு இல்லாமல் வெப்ப இயந்திரம் ஓடாது. வெறும் சூடு போதாது. பக்கத்தில் ஒரு குளிர்ச்சியும் வேண்டும். இன்றைக்குப் பரீட்சையில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதும் இந்த வாக்கியத்தை அதற்கு முன் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

நீர்ச்சக்கரத்தில் மோதல் எப்படியோ, வெப்ப இயந்திரத்தில் அப்படி இழப்பு உண்டாக்குவது எது? சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் நேரே ஒட்டிக்கொள்வது. அப்போது வெப்பம் வேலை எதுவும் செய்யாமல் சும்மா இறங்கிவிடும். ஆகவே சிறந்த இயந்திரத்தில் அப்படி ஒரு தொடுகை எங்கும் இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையிலிருந்து பிறந்ததுதான் நாம் படிக்கும் நான்கு கட்டச் சுழற்சி. சிலிண்டருக்குள் காற்று இருக்கிறது. சூடான பொருளைத் தொட்டபடி, அதே வெப்பநிலையில், காற்று மெல்ல விரிகிறது. தொடுகையை எடுத்துவிடுகிறோம், காற்று இன்னும் விரிந்து தானே குளிர்கிறது, குளிர்ந்த பொருளின் வெப்பநிலைக்கு வந்து நிற்கிறது. அதற்குப் பிறகே குளிர்ந்த பொருளைத் தொடவிட்டு அழுத்துகிறோம். பிறகு அதையும் எடுத்துவிட்டு மேலும் அழுத்தினால் காற்று சூடேறிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். எந்தக் கட்டத்திலும் காற்றுக்கும் அது தொடும் பொருளுக்கும் வெப்பநிலை வேறுபாடு இல்லை. அதனால் இந்த இயந்திரத்தைப் பின்னோக்கியும் ஓட்டலாம். வேலையைக் கொடுத்தால் வெப்பத்தைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றிவிடும். வீட்டு ஃபிரிட்ஜ் நாள் முழுக்கச் செய்வது அதைத்தான்.

இங்கே கார்னோ வைத்த வாதம் ஒன்றே போதும், அவரை நியூட்டன் வரிசையில் உட்காரவைக்க. பின்னோக்கி ஓடக்கூடிய இந்த இயந்திரத்தைவிடத் திறமையான ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை முன்னோக்கி ஓட்டுவோம். வெப்பம் இறங்கும், வேலை கிடைக்கும். அந்த வேலையில் ஒரு பகுதியைக் கொடுத்தாலே நம் பழைய இயந்திரம் பின்னோக்கி ஓடி, இறங்கிய வெப்பம் முழுவதையும் மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். எல்லாம் பழையபடி, கையில் மட்டும் கொஞ்சம் வேலை மீதி. ஒன்றுமில்லாததிலிருந்து வேலை! அது ஒருக்காலும் நடக்காது. ஆகவே அப்படியொரு திறமையான இயந்திரம் இருக்க முடியாது. இந்த வாதத்தில் சிலிண்டருக்குள் இருப்பது காற்றா, நீராவியா, ஆல்கஹாலா என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வரம்பைத் தீர்மானிப்பவை இரண்டு வெப்பநிலைகள் மட்டுமே. காப்புரிமைக்காரர்களின் திரவங்கள் அத்தனைக்கும் ஒரே பக்கத்தில் பதில் முடிந்தது.

இனி இதில் உள்ள ஓட்டை. இறங்கிய வெப்பம் முழுவதையும் மேலே சேர்த்துவிடும் என்று சொன்னோமே, அதுதான். கொதிகலனில் 100 பங்கு வெப்பம் எடுத்தால் கண்டென்சருக்கும் 100 பங்கு வந்து சேரும் என்று கார்னோ எடுத்துக்கொண்டார். சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் குறைந்துவிடுவதில்லையே! வெப்பம் என்பது கலோரிக் என்ற எடையற்ற பாய்பொருள், அதை உண்டாக்கவும் முடியாது அழிக்கவும் முடியாது என்பது லவாய்சியே காலத்திலிருந்து வந்த கொள்கை. அதைத்தான் அவர் நம்பினார். நூலிலேயே ஓரிரு இடத்தில் அந்தக் கொள்கையின் உறுதியைப் பற்றிச் சந்தேகம் எட்டிப் பார்க்கிறது; ஆனால் அதை விட்டுவிட்டு மேலே நடக்க அப்போது அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

நூலின் கடைசியில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு கிலோ நிலக்கரி எரிந்தால் தரக்கூடிய வேலையில், இங்கிலாந்தின் மிகச் சிறந்த இயந்திரம்கூட இருபதில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறது என்கிறார். இன்றைய அளவுகோலில் அவருடைய எண்களில் பிழை உண்டு. ஆனால் இலக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பொறியாளர்களுக்குச் சொன்ன முதல் கணக்கு அது.

நூலைப் படித்தவர்கள் சிலர். புரிந்துகொண்டவர் யாரென்று தேட வேண்டும். அறிவியல் அகாடமியில் ஷிரார் என்ற மூத்த பொறியாளர் பாராட்டிப் பேசியும் ஒன்றும் அசையவில்லை. இயந்திரம் கட்டுபவர்களுக்கு அதில் தத்துவம் அதிகம். பேராசிரியர்களுக்கு அதில் கொதிகலன் அதிகம். எட்டு ஆண்டுகள் கழித்து, 1832-இல் பாரிஸைக் காலரா சூறையாடியது. ஏற்கெனவே நோயில் நலிந்திருந்த கார்னோ ஆகஸ்ட் 24-ஆம் தேதி இறந்தார். வயது 36. கொள்ளைநோயில் இறந்தவர் என்பதால் உடைமைகளும் காகிதங்களில் பெரும்பகுதியும் எரிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். சில தாள்கள் மட்டும் தம்பி இப்போலித்திடம் தங்கின. அந்தத் தாள்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நூலைக் குப்பையிலிருந்து எடுத்தவர் எமில் கிளாபேரோன். ரஷ்யாவில் பத்தாண்டு பாலங்களும் சாலைகளும் போட்டுவிட்டு வந்து, பின்னாளில் பிரான்சின் ரயில்பாதைகளில் உழைத்த பொறியாளர். 1834-இல் எக்கோல் பாலிடெக்னிக்கின் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கார்னோ நீட்டி முழக்கிச் சொன்னதைக் கிளாபேரோன் கணிதமாக்கினார். அழுத்தத்தை ஓர் அச்சிலும் கன அளவை இன்னோர் அச்சிலும் வைத்துச் சுழற்சியை வரைந்து காட்டினார். ஜேம்ஸ் வாட்டின் பட்டறையில் பல ஆண்டுகள் தொழில் ரகசியமாகப் பூட்டி வைத்திருந்த வரைபட முறை அது. இன்று மாணவர்கள் ஸ்கேலும் பென்சிலுமாக வரையும் கார்னோ சுழற்சிப் படம் கிளாபேரோனுடையது. கார்னோவின் நூலில் அப்படி ஒரு படமே கிடையாது. பாயிலின் விதியையும் கே-லுசாக்கின் விதியையும் ஒட்டி ஒரே சமன்பாடாக எழுதியதும் இதே கட்டுரையில்தான். அதில் வெப்பநிலையோடு கூட்டும் எண் 273 அல்ல, 267. அன்றைய அளவீட்டின் கைவரிசை.

கட்டுரை 1837-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்தவர்களில் ஒருவர் வில்லியம் தாம்சன்; பிற்காலத்தில் கெல்வின் பிரபு. 1845-இல் கேம்பிரிட்ஜ் முடித்த கையோடு அவர் பாரிஸுக்குப் போய் ரெஞ்யோவின் ஆய்வகத்தில் கைவேலை பழகினார். பிரெஞ்சு அரசின் பணத்தில் நீராவியின் பண்புகளை ரெஞ்யோ துல்லியமாக அளந்துகொண்டிருந்த காலம். மாலையில் தாம்சன் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கி, கார்னோவின் நூல் இருக்கிறதா என்று விசாரிப்பார். கடைக்காரர்கள் தம்பி இப்போலித் எழுதியதை எடுத்து நீட்டுவார்கள். சாதியின் நூலைப் பற்றி ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில், 1848 முடியும் தறுவாயில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பேராசிரியர் லூயிஸ் கார்டன் ஒரு பிரதியைத் தந்தார். அதற்குள் தாம்சன், கிளாபேரோனை மட்டுமே நம்பி, எந்தப் பொருளின் தன்மையையும் சாராத தனி வெப்பநிலை அளவை முன்மொழிந்துவிட்டார்.

தவறான கொள்கையில் நின்றுகொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. தண்ணீர் உறையும்போது விரியும், விரிந்தால் எதையாவது தள்ளும், தள்ளினால் வேலை. அப்படியானால் 0 டிகிரி தண்ணீரையும் 0 டிகிரிப் பனிக்கட்டியையும் வைத்துக்கொண்டு, வெப்பநிலை வேறுபாடே இல்லாமல் வேலை எடுக்கலாமே? கார்னோவின்படி அது ஆகாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் வில்லியமின் அண்ணன், பொறியாளர் ஜேம்ஸ் தாம்சன். அழுத்தம் கூடினால் உறைநிலை இறங்கியே ஆக வேண்டும், ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு 0.0075 டிகிரி செல்சியஸ் வீதம் இறங்க வேண்டும் என்று 1849-இல் கணக்கிட்டுச் சொன்னார். தம்பி அளந்து பார்த்தார். பொருந்தியது. அதுவரை யாரும் பார்த்திராத ஒரு விளைவைக் காகிதத்தில் கண்டு, பிறகு கண்ணாடிக் குழாயில் சரிபார்த்தார்கள். இதற்குப் பிறகு கார்னோவைக் கைவிட தாம்சனுக்கு எப்படி மனம் வரும்?

ஆனால் கைவிடச் சொல்லி ஒருவர் ஏற்கெனவே கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஜேம்ஸ் ஜூல், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் ஆலை நடத்திய குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் ஜான் டால்டனிடம் பாடம் கேட்டவர். வேலை செலவானால் வெப்பம் பிறக்கிறது, எப்போதும் ஒரே கணக்கில் பிறக்கிறது என்பது அவர் வாதம். 1843-இல் கார்க் நகரில் சொன்னார்; யாரும் காதில் வாங்கவில்லை. ஜெர்மனியில் மருத்துவர் மேயர் 1842-இலேயே இதையொட்டி எழுதியிருந்தார் என்பது அன்று இவருக்குத் தெரியாது. மேயருக்கு நேர்ந்த கொடுமைகளுக்குத் தனி இதழ் வேண்டும்.

1847 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் கூட்டம். நேரம் போய்விட்டது, கட்டுரையைப் படிக்க வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள் என்றார் தலைவர். ஜூல் தண்ணீரைக் கலக்கும் துடுப்புச் சக்கரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். விவாதத்துக்குக்கூட அழைப்பில்லை. அப்போது ஓர் இளைஞர் எழுந்து கேள்வி கேட்கப்போய் அவை நிமிர்ந்து உட்கார்ந்தது என்று ஜூல் பிற்காலத்தில் எழுதினார். அந்த இளைஞர் தாம்சன். தாம்சனின் நினைவு வேறு: தான் எழவில்லை, கூட்டம் முடிந்த பிறகே போய்ப் பேசியதாகச் சொன்னார். யார் சொல்வது சரியோ, இருவரும் அன்று சந்தித்தது உறுதி. ஆகஸ்டில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மறுபடி எதிர்ப்பட்டார்கள். ஜூல் புது மனைவியோடு வந்திருந்தார். கையில் நீண்ட வெப்பமானி. அருவியின் மேலும் கீழும் வெப்பநிலை பார்க்கவாம்! தாம்சன் சொன்ன இந்தக் கதையில் கொஞ்சம் மசாலா உண்டு என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஜூலைத் தெரிந்துகொண்டால் நம்பலாம் என்றே தோன்றுகிறது.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். 1849-இல் செய்து 1850-இல் அச்சிட்ட வடிவமே முழுமையானது. ஒரு செம்புப் பாத்திரம். உள்ளே பித்தளைத் துடுப்புகள். தண்ணீர் கூடவே சுற்றிவிடாமல் தடுக்க நிலையான தகடுகள், அவற்றின் இடைவெளியில் புகுந்து சுழலும் எட்டு வரிசைத் துடுப்புக் கைகள். வெளியே கயிறு, கப்பி, கயிற்றில் தொங்கும் இரண்டு ஈய எடைகள். எடை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 29 பவுண்டு. எடைகள் ஐந்தடிக்குச் சற்று மேல் இறங்கும், துடுப்பு சுழலும். திரும்பச் சுற்றி ஏற்றி மறுபடி விடுவார். இப்படி 20 முறை. இத்தனைக்கும் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்கிறீர்கள்? அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கொஞ்சம் மேல். பக்கத்தில் ஆள் நின்றாலே அந்த அளவு கெட்டுவிடும். அதனால் பெரிய நிலவறையில் சோதனை. தன் உடம்புச் சூடு பாத்திரத்தில் படாதிருக்க நடுவே மரத் தட்டி. டான்சர் என்ற கருவிக் கலைஞர் செய்து கொடுத்த, ஒரு டிகிரியில் 200-இல் ஒரு பங்கைக் கண்ணால் படிக்கக்கூடிய வெப்பமானி. காய்ச்சும் ஆலையில் வெப்பமானியோடு புழங்கியவரின் கை அது. விடை: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை. இன்றைய மதிப்பு 778. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைந்த பிழை.

தாம்சனின் சங்கடம் இப்போது புரியும். ஜூல் சரியென்றால் வெப்பம் அழியாத பொருள் அல்ல. வேலையாக மாறும், வேலையிலிருந்து பிறக்கும். அப்படியானால் கார்னோவின் வாதம் நிற்காது. கார்னோ சரியென்றால் பனிக்கட்டி பொருந்துகிறது. தாம்சனை உறுத்திய கேள்வி வேறொன்றும் இருந்தது. சூடான தகட்டின் வழியே வெப்பம் குளிர்ந்த பக்கத்துக்குச் சும்மா கடத்தப்படும்போது, கார்னோவின்படி கிடைத்திருக்க வேண்டிய வேலை எங்கே போயிற்று? இயற்கையில் எதுவும் தொலைந்துபோக முடியாதே? இதை 1849-இல் அச்சிலேயே வெளிப்படையாகக் கேட்டார். பதில் தெரியாத கேள்வியை அப்படியே எழுதிவைத்த அந்த நேர்மைக்காக எனக்குத் தாம்சன்மீது மரியாதை அதிகம். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நினைத்ததில் அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கோட்டைவிட்டார்.

கோட்டைவிடாதவர் பெர்லினில் ஆசிரியராக இருந்த 28 வயது ருடால்ஃப் கிளாசியஸ். 1850 பிப்ரவரியில் பெர்லின் அகாடமியில் அவர் கட்டுரை வாசிக்கப்பட்டது. கார்னோவின் நூல் தனக்குக் கிடைக்கவில்லை, கிளாபேரோனும் தாம்சனும் எழுதியதைக் கொண்டே அறிந்தேன் என்று அதிலேயே குறிப்பும் போட்டிருக்கிறார். அவர் சொன்னது ரத்தினச் சுருக்கம்: கார்னோ சொன்னவை இரண்டு. வேலை கிடைக்க வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்கு இறங்க வேண்டும் என்பது ஒன்று; இறங்குகையில் வெப்பத்தின் அளவு குறையாது என்பது மற்றொன்று. ஜூல் தகர்ப்பது இரண்டாவதை மட்டுமே. அதை வீசிவிட்டு முதலாவதை வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை.

எண்ணில் பார்த்தால் விளங்கிவிடும். கொதிகலன் 160 டிகிரி செல்சியஸ், கண்டென்சர் 40 டிகிரி. தனி அளவில் 433, 313. சிறந்த இயந்திரம் 433-இல் 120 பங்கை, அதாவது நூற்றுக்கு 28-ஐ, வேலையாக்கும். கார்னோ கணக்கில் 100 பங்கு இறங்கி, 100 பங்கும் கீழே சேரும். கிளாசியஸ் கணக்கில் 100 எடுத்து, 28 வேலையாகி, 72 மட்டுமே கண்டென்சருக்குப் போகும். ஜூலுக்கும் திருப்தி, கார்னோவின் இரண்டு வெப்பநிலைகளும் பத்திரம்.

கார்னோவின் அந்த வாதம் என்ன ஆகும்? இதைவிடத் திறமையான இயந்திரம் ஒன்று 100-இல் 30-ஐ வேலையாக்கி 70-ஐக் கீழே விடுவதாக வைப்போம். 28-ஐக் கொடுத்துப் பழைய இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினால், அது கீழிருந்து 72 எடுத்து மேலே 100 சேர்க்கும். கொதிகலன் பழையபடி. கையில் 2 பங்கு வேலை. இந்த 2 ஒன்றுமில்லாததிலிருந்து வரவில்லை. குளிர்ந்த பக்கத்தில் 2 பங்கு வெப்பம் குறைந்திருக்கிறது. முதல் விதி வாய் திறக்காது! கடல்நீரின் வெப்பத்தை உறிஞ்சியே கப்பல் ஓட்டலாம், கரி வேண்டாம் என்று ஆகிறது. அது நடப்பதில்லை. ஏன் நடப்பதில்லை என்று முதல் விதியைக் கேட்டால் பதில் வராது. ஆகவே இன்னொரு விதி வேண்டும். இரண்டாம் விதி தனி விதியாகப் பிறந்தது இந்த இடத்தில்தான். குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் போகாது என்று கிளாசியஸ் அதை வடித்தார். சுற்றுப்புறத்தில் மிகக் குளிர்ந்த பொருளையும் விடக் குளிர்வித்து வேலை எடுக்க முடியாது என்ற வழியில் தாம்சன் 1851-இல் வடித்தார். பாடநூலில் இரண்டு கூற்றுகளையும் கொடுத்து, இரண்டும் ஒன்றே என நிறுவுக என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியின் பிறப்பிடம் இது.

அதே கட்டுரையில் கிளாசியஸ் இன்னொன்றும் செய்தார். கொடுத்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளியே வேலையாகிறது. மற்றது பொருளுக்குள்ளேயே தங்குகிறது, அது பொருளின் நிலையை மட்டுமே பொறுத்தது என்று ஒரு சார்பை எழுதினார். இன்று அக ஆற்றல் என்று அழைக்கிறோம். முதல் விதியின் சமன்பாடு இப்படி இரண்டாம் விதியின் சிக்கலை அவிழ்க்கப் போன இடத்தில் கிடைத்தது. தாம்சன் தன் கட்டுரையில், தானாகவே இதே முடிவுக்கு வந்ததாகச் சொன்னாலும், முதலில் அச்சிட்டவர் கிளாசியஸ் என்பதை ஒப்புக்கொண்டார்.

இனி இப்போலித்திடம் தங்கிய தாள்கள். 1878 வரை அவை வீட்டிலேயே கிடந்தன. இதற்கிடையில் இப்போலித் அமைச்சராகி ஓய்ந்திருந்தார்; பெரியப்பாவின் பெயரையே தாங்கிய அவர் மகன் 1887-இல் பிரான்சின் குடியரசுத் தலைவரே ஆனார். 1878-இல் நூலை மறுபதிப்புச் செய்தபோது இப்போலித் அந்தக் குறிப்புகளையும் அகாடமிக்குக் கொடுத்தார். படித்தவர்கள் திகைத்தார்கள். நூல் வெளிவந்த பிறகு, இறப்பதற்கு முன், சாதி கார்னோ கலோரிக்கைக் கைவிட்டிருந்தார். வெப்பம் என்பது துகள்களின் இயக்கமே. வேலை அழிந்தால் அதற்கு ஈடான வெப்பம் பிறக்கும் என்று எழுதியிருந்தார். ஒரு கிலோகலோரி வெப்பம் 370 கிலோ எடையை ஒரு மீட்டர் உயர்த்தும் என்று எண்ணும் போட்டிருந்தார். சரியான மதிப்பு 427. மேயர் 1842-இல் சொன்னது 365. நீரைக் கலக்கி வெப்பம் அளக்கும் சோதனைகளுக்குத் திட்டமும் வைத்திருந்தார். ஜூலுக்கு அப்போது வயது 13-ஐத் தாண்டவில்லை.

இந்தக் குறிப்புகள் 1832-இலேயே அச்சாகியிருந்தால் முதல் விதி கார்னோ பெயரில் இருந்திருக்கும் என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண் சொல்வது வேறு. நிலவறையில் மரத் தட்டிக்குப் பின்னால் நின்று அந்த எண்ணை யாரும் மறுக்க முடியாதபடி அளந்து காட்டுவது வேறு. அந்தப் பெருமை ஜூலுக்கே உரியது. ஆனால் தாம்சனின் சங்கடத்துக்கு வேலை இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கார்னோவின் நூலை 1890-இல் அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் தர்ஸ்டன் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பதிப்புரிமை முடிந்துபோன அந்தப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணிதம் பெரும்பாலும் அடிக்குறிப்பில்தான் இருக்கிறது; பள்ளிக் கணிதம் தெரிந்தவர் படித்துவிடலாம். இரண்டாம் விதி யூனிட்டைத் தொடங்குவதற்கு முந்தின வாரம் அதன் முதல் 40 பக்கத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள். அடுத்த இதழில் 1865, ஜூரிச், என்ட்ரோபி.

(தொடரும்)